நாலாவது பேட்டரி

வண்டி சீட்டை மூடாதீங்க சார். மூடினீங்கன்னா எழுத ஆரம்பிச்சிருவீங்க. பேட்டரி கம்பெனி ஆளுங்க ஒரு தடவை எழுதினா அடிச்சுத் திருத்த மாட்டீங்க. கொஞ்சம் உக்காருங்க. கிளப் செக்ரட்டரி வர இன்னும் அரை மணி ஆகும். வந்தாலும் முதல்ல காபி, அப்புறம்தான் உங்களைத் தேடுவாரு. இந்த ஸ்டூல்ல உக்காருங்க, இதுல ஆசிட் படலை. அந்த பெஞ்சுல உக்காந்துராதீங்க, எந்திரிக்கும்போது பேன்ட்ல ஓட்டை இருக்கும்.

உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன். நாலு பேட்டரில மூணு உங்க கம்பெனி பேட்டரி. நாலாவது ஒரு லாரி பேட்டரி. அதானே? அதோட பக்கவாட்டுல சுரண்டின தடம் ஒண்ணு இருக்கு, அதை விரலால தடவித் தடவிப் பார்க்கிறீங்க. அது என்ன தடம்னு எனக்குத் தெரியும். சொல்றேன். நடுவுல இருந்து சொன்னா நான் கெட்டவனாத் தெரிவேன், அதனால முதல்ல இருந்து சொல்றேன்.

என் பேரு சவரிமுத்து. இந்த கோல்ஃப் கிளப்புல முப்பத்தெட்டு வருஷம். கேடியா வந்தவன். கேடின்னா மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு ஆடுறவங்க பின்னாடியே நடக்கிறவன். தோள்ல காய்ப்பு இருக்கு பாருங்க, அது அந்தப் பை குடுத்தது. வயசான மெம்பருங்களுக்காக கிளப்புல ரெண்டு பேட்டரி வண்டி வாங்கினப்ப, கேடியில மூத்தவங்க ரெண்டு பேரை ஓட்டச் சொன்னாங்க. ஒண்ணு நான். இன்னொண்ணு பெர்க்மான்ஸ். என் தங்கச்சி ரெஜினாவைக் கட்டினவன், எனக்கு மாப்ள. நீங்க திறந்து வச்சிருக்கிறது அவன் வண்டி. மூலையில நிக்கிறது என் வண்டி.

இப்ப நிலவரம் என்னன்னா, பத்து நாளைக்கு முன்னால அவன் வண்டி, பந்தைத் தட்டிப் போடுற ஆறாம் குழிக்குப் போற ஏத்தத்துல நின்னுபோய், அதுல இருந்த வக்கீலம்மா விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு. செக்ரட்டரி கறாராச் சொல்லிட்டாரு. பேட்டரி கோளாறுன்னு கம்பெனிக்காரர் எழுதினா கம்பெனி மாத்திக் கொடுக்கட்டும். எவனோ கண்டதைக் கலந்து மாட்டினான்னு எழுதினா, கலந்தவன் இந்த மாசத்தோட வீட்டுக்குப் போகட்டும். பெர்க்மான்ஸ் என்ன பண்ணான் தெரியுமா? "நான்தான் சார் கலந்தேன்"னு நேரா நின்னு சொல்லிட்டான். இனி உங்க எழுத்து ஒண்ணுதான் பாக்கி.

அவன் சொன்னது பொய். அதுதான் என் வயித்தெரிச்சல்.

வக்கீலம்மாவைப் பத்திச் சொல்லாம பேட்டரியைப் பத்திச் சொல்ல முடியாது. எழுபத்தெட்டு வயசு. மதுரையில பெரிய வக்கீலா இருந்தவங்க. ஓய்வு எடுத்துக்கிட்டு மலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. வந்த முதல் நாள் அவுங்க பையை எடுத்தது நான். அன்னையிலிருந்து நான்தான். வேற கேடி கையை வச்சா, "சவரி எங்கே?"ன்னுதான் கேப்பாங்க. என் பேரை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுற ஆள் உலகத்துலேயே அவுங்க ஒருத்தர்தான். என் பொண்டாட்டி ஃபிலோமினா என்னைப் பேர் சொல்லியே கூப்பிட மாட்டா, "இந்தா"ம்பா.

அஞ்சாம் குழி முடிஞ்சதும் ஒரு கல் பெஞ்சு இருக்கு. அங்க உக்காந்து பிளாஸ்க்கைத் திறப்பாங்க. பால் விடாத டீ, இஞ்சி தட்டிப் போட்டது. அவுங்களுக்குன்னு ஒரு பீங்கான் கப் கொண்டு வருவாங்க. பிளாஸ்க் மூடியில எனக்கு. பாதி மூடிதான் ஊத்துவாங்க. "முழுசா ஊத்தினா குடிச்சிட்டு ஓடிருவே. பாதின்னா இன்னும் பாதிக்காக நிப்பே, நான் பேசறதைக் கேப்பே"ம்பாங்க. நான் நிப்பேன் சார். கொலைக் கேசு, பாகப்பிரிவினை கேசு, எல்லாம் கேட்டிருக்கேன். நான் மூணாம் கிளாஸோட நின்னவன், ஆனா எந்தச் சாட்சியை எந்த இடத்துல மடக்கணும்னு இப்பக்கூட என்னால சொல்ல முடியும்.

பதிலுக்கு நானும் சும்மா இல்லை. பந்து புதருக்குள்ள போச்சுன்னா, நான் முன்னால போய்க் கால் விரலால லேசாத் தள்ளி வெளியே வச்சிருவேன். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவைகூட அவுங்களுக்குத் தெரியாது. அவ்வளவு நைசா பண்ணுவேன்.

சரி, பேட்டரி. போன வருஷம் ரெண்டு வண்டியிலயும் பழைய பேட்டரி செத்துப்போச்சு. செக்ரட்டரி ரெண்டு பேரையும் கூப்பிட்டு, "ஓட்டுறவங்க நீங்க. உங்க வண்டிக்கு என்ன பேட்டரி வேணும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க"ன்னாரு. எனக்கு மண்டைக்குள்ள வெளிச்சம் வந்த மாதிரி இருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷத்துல என்னை யாரும் ஒண்ணையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை, என் கல்யாணம் உட்பட.

மறுநாளே பஸ் பிடிச்சு வத்தலக்குண்டு போயிட்டேன். லாரி பேட்டரி நாலு எடுத்தேன். கடைக்காரர் நல்ல மனுஷன், "எதுக்குங்க?"ன்னு கேட்டாரு. நான் "லாரிக்கு"ன்னுட்டேன். பொம்மை வண்டிக்குன்னு சொன்னா மட்டமான சரக்கைத் தலையில கட்டிருவாருன்னு ஒரு முன்யோசனை. பத்து டன் ஏத்தின லாரியையே உசுப்புற பேட்டரி, கேவலம் ரெண்டு ஆளும் ஒரு மட்டைப் பையும் உள்ள வண்டியை இழுக்காதா? நீங்களே சொல்லுங்க. சிரிக்காதீங்க சார். அன்னைக்கு நீங்க அங்க இருந்திருந்தா சொல்லியிருக்கலாம்.

பெர்க்மான்ஸ் உடனே வாங்கலை. பழநி போனான். அங்க அடிவாரத்துல பேட்டரி கார் ஓட்டுறாங்கள்ல, அந்த டிரைவருங்களோட ஒரு நாள் முழுக்க உக்காந்திருக்கான். சாமி கும்பிடப் போகலை, எங்களை மாதிரி இவனும் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன். பேட்டரி கேக்கப் போயிருக்கான். வந்து எங்கிட்டயும் சொன்னான். அதை மறைக்க மாட்டேன்.

"மச்சான், லாரி பேட்டரி ஒரே மூச்சுல கத்திட்டு ஓஞ்சுபோறது. வண்டி கிளம்புறதோட அதுக்கு வேலை முடிஞ்சது. நமக்கு நாள் பூரா முணுமுணுன்னு வேலை செய்றது வேணுமாம். உள்ள தகடு தடிமனா இருக்கணுமாம். அதுக்குன்னே தனியா செய்றாங்களாம்."

"நீ உன் வண்டியைப் பாரு மாப்ள"ன்னேன்.

"தெரிஞ்சதைச் சொன்னேன் மச்சான்."

"தெரியாதவன் கிட்ட போய்ச் சொல்லு."

இப்படித்தான் உங்க கம்பெனி பேட்டரி அவன் வண்டிக்கு வந்துச்சு. புதுப் பொருள் வாங்கினா மாதா கோயில் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கிறது எங்க பழக்கம். நான் கூப்பிட்டேன். தீர்த்தம் தெளிச்சாரு. நாலு பேட்டரியிலயும் நானே வெள்ளை பெயின்ட்ல சின்னதா ஒரு சிலுவை போட்டேன். அவனையும் கூப்பிட்டேன். "மந்திரிச்ச தண்ணி வெளியேதான் படும் மச்சான். உள்ள டிஸ்டில் வாட்டர்தான் போகணும்"னு சிரிச்சான். அப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

முதல் நாலு மாசம் கேளுங்க. என் வண்டி பறந்துச்சு சார். மிதிச்சா குதிரை மாதிரி துள்ளும். வக்கீலம்மா தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு, "சவரி, என்னை மேல்கோர்ட்டுக்கே கொண்டு போயிருவே போல"ன்னு சிரிப்பாங்க. பெர்க்மான்ஸ் வண்டி பின்னால எருமை மாதிரி ஊர்ந்து வரும். நான் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவேன். நாலு மாசம்.

அப்புறம் சார்ஜ் நிக்கலை. ஏழாம் குழியில இழுவை. அப்புறம் ஆறாம் குழியில. மலைக் குளிருல எந்த பேட்டரிக்குமே கொஞ்சம் தளர்ச்சி உண்டுதான், ஆனா என்னோடது சாகக் கிடக்கிற ஆள் மாதிரி மூச்சு வாங்குச்சு. ஆறாம் குழிக்கு ஒரு ஏத்தம் உண்டு, நடந்து போனாலே நெஞ்சு அடைக்கும். ஒரு நாள் அதுல பாதியில நின்னுபோச்சு. மேகம் இறங்கி எதுவும் தெரியலை. தெளிஞ்சப்ப பார்த்தா, பத்தடியில காட்டுமாடு. ஒத்தை. ஆம்பளை மாடு. வக்கீலம்மா அசையவே இல்லை. மெதுவா, "சவரி, இவர் நம்ம கட்சியா, எதிர்க்கட்சியா?"ன்னு கேட்டாங்க. நான் மாதா பேரைச் சொல்லிக்கிட்டிருந்தேன். அது ஒரு கால் மணி எங்களைப் பார்த்துட்டு, அதும் பாட்டுக்குப் போயிருச்சு.

மறுநாள் அவுங்க பெர்க்மான்ஸ் வண்டியில ஏறிட்டாங்க.

தப்புன்னு சொல்லலை. இடுப்பு எலும்பு ரெண்டும் ஆபரேஷன் பண்ணினவங்க, வண்டி நின்னா நடக்க முடியாது. எங்கிட்ட வந்து சொல்லிட்டுத்தான் ஏறினாங்க. "உன் வண்டி சரியாகிற வரைக்கும்தாண்டா"ன்னாங்க. நானும், "போயிட்டு வாங்கம்மா"ன்னு கும்பிட்டேன். ஆனா அஞ்சாம் குழி பெஞ்சு இருக்கே. என் வண்டியில அன்னைக்கு ஆளே இல்லை. காலி வண்டியை ஓட்டிக்கிட்டு, சும்மா, பின்னால போனேன். பிளாஸ்க்கைத் திறந்தாங்க. மூடியில ஊத்தினாங்க. பெர்க்மான்ஸ் கையில கொடுத்தாங்க.

முழு மூடி சார்.

எனக்கு இருபத்திரண்டு வருஷம் பாதி மூடி. அவனுக்கு முதல் நாளே முழு மூடி. இதை ஃபிலோமினா கிட்ட சொன்னேன். "அந்தம்மாவுக்கு அவன் நின்னு கதை கேக்கணும்னு இல்லை போல, அதான் ஒரேடியா ஊத்திட்டாங்க"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? "நீங்க பந்தியில உக்காந்தாலும் பக்கத்து இலையைத்தான் எண்ணுவீங்க"ன்னும் சொன்னா. தன் புருஷனைப் பத்தி இப்படிச் சொல்றவளை என்ன பண்றது?

ஒரு வாரம் கழிச்சு வக்கீலம்மா என்னைப் பார்த்து, "சவரி, நீ இல்லாம என் பந்தெல்லாம் புதருக்குள்ளயே கிடக்குடா"ன்னு சிரிச்சாங்க. பார்த்தீங்களா? பெர்க்மான்ஸ் ஓட்டுறதுல அவுங்களுக்கு ஆட்டமே சரியா வரலை. அதைச் சொல்ல முடியாம அப்படிச் சொல்றாங்க. எனக்குப் புரிஞ்சிருச்சு. எப்படியாவது என் வண்டியைச் சரி பண்ணணும். செக்ரட்டரிகிட்ட கேட்டேன். "உனக்கு நீதானே தேர்ந்தெடுத்தே? ரெண்டு வருஷம் ஓட்டு"ன்னுட்டாரு.

அந்தச் சமயம் எங்க ஊர்க் கோயில் திருவிழா வந்துச்சு. சனிக்கிழமை சாயந்தரம் சப்பரம். சின்னச் சப்பரம், நாலு பேர் தூக்கறது. முன்னால நானும் பெர்க்மான்ஸும். பின்னால அருளப்பனும் இன்னொருத்தரும். அருளப்பனுக்கு என்னைவிட வயசு கூட, தெரு முக்கு வரும்போது தள்ளாடிட்டார். கூட்டத்துல இருந்து ஒரு இளந்தாரி பாய்ஞ்சு வந்து அவர் இடத்துல தோள் கொடுத்தான். அவ்வளவுதான் சார், சட்டுனு எங்க மூணு பேர் தோள்லயும் பாரம் இறங்கிருச்சு. சப்பரம் மிதக்குது. ஒரே ஒரு இளந்தாரி, நாலு பேருல ஒருத்தன், அவ்வளவு வித்தியாசம்.

அங்கதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. சாமி பாரத்தைச் சுமந்துக்கிட்டே வந்துச்சு.

நாலு பேட்டரி. நாலு தோள். என்கிட்ட நாலும் கிழம். அவன்கிட்ட நாலும் இளந்தாரி. ஒண்ணே ஒண்ணை இந்தப் பக்கம் மாத்தினா என்ன? அவனுக்கு மூணு இளந்தாரி இருக்கு, ஒரு கிழத்தைச் சுமக்க மாட்டானா? எனக்கு ஒரு இளந்தாரி வந்தா மூணு கிழமும் நிமிர்ந்திராதா? திருட்டுன்னு நினைக்காதீங்க. எடுத்தேன்னா பதிலுக்கு ஒண்ணு வச்சேன். அதுவும் மந்திரிச்ச பேட்டரி.

ஞாயித்துக்கிழமை காலையில பெரிய பூசை. ஊரே கோயில்ல. கிளப்புல அன்னைக்கு ஆட்டம் பத்து மணிக்கு மேலதான். பல்வலின்னு சொல்லிட்டு, பிரசங்கத்துக்கு நடுவுல எந்திரிச்சு வந்துட்டேன். இதே ஷெட்டு. இதே சீட்டைத் தூக்கினேன். கோயில் மைக்கு இங்க வரைக்கும் கேக்கும். நான் ஸ்பேனரை வச்சுத் திருகிக்கிட்டிருக்கேன், திடீர்னு மைக்குல, "வழியை மறிச்சு வண்டியை வச்சிருக்கிறவர் உடனே வந்து எடுக்கவும்"ங்கிறாங்க. என்னைத்தான் சொல்றாங்களோன்னு ஸ்பேனரைக் காலுல போட்டுக்கிட்டேன். நகம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு.

நாப்பது கிலோ சார் ஒரு பேட்டரி. ரெண்டு தடவை தூக்கினேன். சிலுவை போட்ட பக்கத்தை உள்பக்கமாத் திருப்பி வச்சேன். இடுப்புல சுளுக்குன்னு ஒரு சத்தம். கோயிலுக்குத் திரும்பி வந்தப்ப நிமிர முடியலை. ஊரே என்ன சொல்லுச்சு தெரியுமா? "பாவம், சப்பரம் தூக்கி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாரு." சாமியார் மைக்குல என் பேரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னாரு. சாயந்தரம் பெர்க்மான்ஸ் எண்ணெய் காய்ச்சி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டான். "குப்புறப் படுங்க மச்சான்"னான். அரை மணி நேரம் தேய்ச்சு விட்டான். நல்லாத்தான் தேய்ச்சான். எதைச் செஞ்சாலும் நல்லாச் செஞ்சிருவான், அதுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிக்காதது.

என் வண்டி சரியாச்சான்னு கேக்கிறீங்களா? இல்லை. அப்படியேதான் கிடந்துச்சு. நீங்க வந்ததும் வராததுமா, வரிசையாக் கோத்த பேட்டரியில ஒரே கரண்டுதான் நாலுக்குள்ளயும் புகுந்து வரணும், நாலுல எது தளர்ந்ததோ அதோட அளவுதான் மத்த மூணுக்கும்னு சொன்னீங்கள்ல. அதை அந்தச் சனிக்கிழமையே யாராவது சொல்லியிருக்கணும். தோள் வேற, பேட்டரி வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்?

பெர்க்மான்ஸுக்கும் தெரியலை. அவன் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் சீட்டைத் தூக்கித் தண்ணி பார்ப்பான். திருவிழாவுக்கு முந்தின நாள்தான் பார்த்து முடிச்சிருந்தான். வியாழக்கிழமை தூறல். வக்கீலம்மாவை ஏத்திக்கிட்டு ஆறாம் குழி ஏத்தத்துல போறான். நான் கீழ அஞ்சாம் குழிகிட்ட, காலி வண்டியோட. ஏத்தத்துல பாதி. நின்னுருச்சு. எனக்கு என் கண்ணை நம்ப முடியலை. உண்மையைச் சொல்றேன், முதல்ல ஒரு சந்தோஷம்தான் வந்துச்சு. ஆகா, உன் வண்டியும் நிக்குமா மாப்ளன்னு. அந்தச் சந்தோஷம் மூணு நொடிகூட இருக்கலை.

அவன் பிரேக்கைப் போட்டுட்டு இறங்கி, சக்கரத்துக்கு அண்டை வைக்கக் கல் தேடுறான். "இறங்காதீங்கம்மா"ங்கிறான். அவுங்க கேப்பாங்களா? "எனக்கு நடக்கத் தெரியும்"னு காலைக் கீழே வச்சாங்க. ஈரப்புல். விழுந்த சத்தம் எனக்குக் கேக்கலை, ஆனா அவுங்க "சவரி!"ன்னு கத்தினது கேட்டுச்சு.

ஆமா சார். பக்கத்துல நின்னது அவன். கூப்பிட்டது என்னை.

இல்லை, அதை நான் பெரிசா எடுத்துக்கலை. பழக்க தோஷத்துல வந்திருக்கும்.

ஓடினேன். இடுப்பு வலி எங்க போச்சுன்னே தெரியலை. கிளப்புக்குத் திரும்புற வழியும் ஏத்தம்தான், ரெண்டு வண்டியும் அதுக்கு உதவாது. நாங்க ரெண்டு பேரும் கையோட கை கோத்து, நாற்காலி மாதிரி வச்சு, அவுங்களை உக்கார வச்சுத் தூக்கிக்கிட்டு வந்தோம். நான், "வண்டியை ஒழுங்காப் பார்க்கிறதில்லையா மாப்ள?"ன்னேன். அவன், "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு மச்சான்"னான். "ரெண்டு பேரும் அப்புறம் வாதாடுங்கடா, இப்ப என்னைக் கீழே போட்டுறாதீங்க"ன்னாங்க அவுங்க. வலியில முகம் வெளுத்துப்போச்சு. அப்பவும் பாருங்க, ஒடிஞ்சது எந்தக் கை? என் பக்கத்துக் கை. நல்ல கையை அவன் தோள்மேல போட்டுக்கிட்டாங்க. கிளப் வாசல் வரைக்கும் அவன் தோள்மேலதான்.

இனி இந்த சீசன் ஆட்டம் கிடையாது. அடுத்த சீசன் பார்க்கலாம்னு டாக்டர் சொன்னாராம். எழுபத்தெட்டு வயசு அவுங்களுக்கு. அடுத்த சீசன்னு சொல்றது சுலபம்.

மறுநாள் காலையில பெர்க்மான்ஸ் சீட்டைத் தூக்கினான். நான் இதே கதவுகிட்ட நின்னேன். லாரி பேட்டரியைப் பார்த்தான். வெளியே இழுத்தான், திருப்பினான். வெள்ளைச் சிலுவை. இந்த கிளப்புல பேட்டரிக்குச் சிலுவை போடுற ஆள் நான் ஒருத்தன்தான். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். இப்பக் கத்துவான், சட்டையைப் பிடிப்பான்னு நின்னேன். தயாராத்தான் நின்னேன். திருப்பிச் சொல்ல நாலு வார்த்தையும் வச்சிருந்தேன்.

அவன் என்ன செஞ்சான்? உப்புத்தாள் எடுத்தான். உக்காந்து அந்தச் சிலுவையைச் சுரண்ட ஆரம்பிச்சான். அதுதான் சார் நீங்க தடவிப் பார்த்த இடம். மந்திரிச்ச சிலுவையைச் சுரண்டியிருக்கான்! பாவமில்லையா அது? நானே கேட்டேன், "சிலுவையைச் சுரண்டுறியே, உனக்கு சாமி பயம் இல்லையா?"ன்னு. அவன் தலையைத் தூக்காம, "ரெஜினாவுக்குத் தெரிய வேண்டாம் மச்சான். உங்க மேல அவ உசிரையே வச்சிருக்கா"ன்னான். ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா அவனும் நானும் சரிக்குச் சரின்னு போயிருப்பேன். திட்டாம என்னைக் கீழேயே நிக்க வச்சுட்டான்.

அப்புறம் நேரா செக்ரட்டரிகிட்ட போய், நான்தான்னு சொன்னான். அங்கிருந்து வக்கீலம்மா வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடதும்மா, கலக்கக்கூடாத பேட்டரியைக் கலந்துட்டேன்"னு சொல்லியிருக்கான். அவுங்க என்ன சொன்னாங்களாம்? "போடா, மன்னிச்சாச்சு. வழக்கு முடிஞ்சது." இதை ரெஜினா வந்து எங்க வீட்டுல பெருமையாச் சொல்றா. எனக்கு சோறு இறங்கலை.

இப்ப தினம் சாயந்தரம் அங்க போறான். கட்டுப்போட்ட கையோட அவுங்களால ஒண்ணும் முடியாதுன்னு, செடிக்குத் தண்ணி ஊத்துறான், பேப்பர் மடிச்சுக் கொடுக்கிறான். நான் போகலை. போனா என்னன்னு சொல்றது? ஒரு நாள் வேலிக்கு இந்தப் பக்கம், ரோட்டுல, சும்மா நின்னு பார்த்தேன். அவுங்க இடது கையால பிளாஸ்க்கைச் சாய்ச்சு மூடியில ஊத்துறாங்க. பாதி கீழே சிந்துது. அதை அவன் ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிக்கிறான். "சவரி ஏன் வரவே இல்லை?"ன்னு கேட்டாங்க. அவன், "இடுப்பு வலிம்மா, படுத்திருக்காரு"ன்னான். எனக்கு எப்படி இருக்கும்? என்னைப் பத்தின கேள்விக்கு இவன் யாரு பதில் சொல்ல?

நல்லா யோசிச்சுப் பார்த்தேன் சார். பத்து நாளா வேற வேலையே இல்லை. ரெண்டு ஞாயிறு கோயில் பூசையில நன்மை அப்பம்கூட வாங்கலை. அவுங்க மன்னிச்சது எதை? பேட்டரியைக் கலந்ததை. கலந்தது யாரு? நான். அப்ப அந்த மன்னிப்பு யாருக்குச் சேரணும்? அதை அவன் வாங்கி வச்சுக்கிட்டு, அதுக்கு மேல உக்காந்து டீ குடிக்கிறான். என் வண்டியைவிட நல்ல வண்டி வச்சிருந்தான், விட்டேன். முழு மூடி டீ வாங்கினான், விட்டேன். நான் செஞ்ச தப்பையும் அவன் எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்னதான் சார் மிச்சம்?

இப்ப நோட்டைத் திறங்க. எழுதுங்க. பேட்டரியில கோளாறு இல்லைன்னு எழுதுங்க, அது உண்மைதானே. கலந்து மாட்டினது சவரிமுத்து. ரெண்டாம் நம்பர் வண்டி ஓட்டுறவன். என் வண்டி சீட்டையும் தூக்கிப் பாருங்க, மூணு சிலுவை இருக்கும், நடுவுல ஒண்ணு உங்க கம்பெனி பேட்டரி. அதுக்கு மேல சாட்சி வேணுமா? வீட்டுக்குப் போகச் சொன்னா போறேன். முப்பத்தெட்டு வருஷம் போதும், இடுப்பும் போச்சு. அதுல ஒரு நகல் மட்டும் எனக்குக் கொடுங்க. இன்னைக்கு சாயந்தரம் வக்கீலம்மா வீட்டுக்கு நான் போகணும். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, காகிதத்தைத்தான் நம்புவாங்க.

பேனா எழுதலையா? இந்தக் குளிருல மை இறுகிரும். உள்ளங்கையில வச்சு உருட்டுங்க. இன்னும் வேகமா. சீக்கிரம் சார், அங்க பாருங்க, புல்வெளியில குறுக்கால வர்றானே, நீலத் தொப்பி, அவன்தான். உங்க கார் வந்ததைப் பார்த்திருப்பான். வந்ததும் "நான்தான் சார்"னு முந்திக்குவான், ஆளு அப்படி. ச, வ, ரி... முழுப் பேரா எழுதுங்க.

மாப்ள, அங்கேயே நில்லு! சார் எழுதிக்கிட்டிருக்காரு.